அந்த இடம் ஏன் காலி?

அடி கழுதை,

எங்கள் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். விண்ணப்பிக்கும் முன்பே இப்படித் துருவித் துருவி விசாரிக்கிறாயே, எனக்கு அன்றைக்கு இந்தப் புத்தி இல்லை.

இணையதளத்தில் 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று போட்டிருப்பது உண்மையா என்கிறாய். நம் குடும்பத்தைப் பார்த்த பிறகுமா அந்த வார்த்தையில் மயங்குகிறாய்? சம்பளம் தாமதமாகாது. மேலாளர் கத்தமாட்டார், பூனை மாதிரிப் பின்னால் வந்து நின்று, "இன்னும் முடியலையா?" என்பார். பக்கத்து மேசை அம்மாள் தங்கம். தலைவலி என்று சொன்னால் போதும், "நீ கெளம்பும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிடுவார்.

உனக்குத் தரப்போகும் மேசை ஜன்னலோரம் இருக்கிறது. கீழ் இழுப்பறை சிக்கும், கொஞ்சம் தூக்கி இழு. ஏசி நேராகக் கழுத்தில் அடிக்கும். நாற்காலியில் என் சால்வை கிடக்கும், எடுத்துப் போர்த்திக்கொள்.

போகாதே என்று சொல்லமாட்டேன். வீட்டில் ஒருத்தியாவது சம்பாதிக்க வேண்டும்.

கடைசியாக, "அந்த எடம் ஏன்க்கா காலியாச்சு?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. நேர்முகத் தேர்விலும் தயங்காமல் கேள். அவர்கள் சொல்லும் பதிலை மறக்காமல் எனக்கும் எழுது. வெள்ளிக்கிழமை என் அடையாள அட்டையை அவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டபோது, அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

உன் அக்கா