பெட்டியில் அண்ணன் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

நேற்று இங்கே ஒரு கடையில் நம் பட்டறை மரயானையைப் பார்த்தேன். தும்பிக்கை ஆட்டும் யானை, நான் உருவாக்கியது. பெட்டியில் அண்ணன் படம்.

கடைக்காரி, "இவரே செஞ்சதாம்மா" என்றாள்.

"அவருக்கு உளி பிடிக்கவே தெரியாதுங்க" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

"பொண்ணு பேரைப் போட்டா எவன் வாங்குவான்?" என்றவர் நீங்கள். இப்போது புது மாதிரி வரைந்து அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்பமாட்டேன். படத்தில் இருப்பவரிடமே வரையச் சொல்லுங்கள்.

என் சின்ன உளியை மட்டும் அனுப்பிவையுங்கள். விடுமுறை நாளில் அறையில் பேச ஆளில்லை. கையும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இனி நான் செய்யும் யானைகளின் வயிற்றில் என் பெயரைத்தான் வெட்டுவேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்