தரைத்தளத்தில் நடந்த தேர்வு

அன்பான என்னவருக்கு, வணக்கம். அத்தைக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

திங்கட்கிழமை கல்லூரியில் ஒரு சின்னக் கூத்து. தேர்வு தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது லிஃப்ட் நின்றுவிட்டது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்திக்கு மூன்றாம் மாடியில் தேர்வு. நிர்வாகப் பொறுப்பில் இருக்கிற நான் மெக்கானிக்குக்குப் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் எனக்கு உதவியாளராகச் சேர்ந்த பெண், “எதுக்கு மேடம் அவளை மேல ஏத்தணும்? எல்லாரையும் கீழ இறக்கிடலாமே,” என்றாள். பத்தே நிமிடத்தில் தரைத்தள நூலகத்தில் ஆட்களை வைத்து நாற்பது மேசைகளைப் போட்டும் முடித்துவிட்டாள்.

“மூளைன்னா இதுதான்!” என்று முதல்வர் எல்லோர் முன்னாலும் அவளைப் புகழ்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது. நாலு வருஷமாக இந்தக் கட்டிடத்தின் சாவிக்கொத்தைச் சுமப்பவள் நான்.

“அறையை மாத்தறதுக்கு முன்னாடி என்கிட்ட எழுதிக் கேட்டிருக்கணும்,” என்று சிடுசிடுத்தேன். பாவம், சாயங்காலம் மன்னிப்புக் கடிதமே எழுதிக்கொண்டு வந்து நின்றாள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். பாராட்டத்தான் வாய் வரவில்லை.

உங்கள் தங்கை நம் சமையலறையை அழகாக மாற்றி அடுக்கியிருப்பதாகப் பாப்பா போனில் சொன்னாள். எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். லீவில் வரும்போது, என் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று நான் யாரிடமும் கேட்க மாட்டேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மனைவி