என் பேரில் வந்த பெட்டிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மருந்துக்கடைக்காரர் கொடுத்த தைலத்தைத் தேய்த்துத் தேய்த்து வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கி வைத்திருக்கிறார், கொஞ்சம் நடங்கள் என்றால் மட்டும் காது கேட்காது. உன் சித்தி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அப்படியே உன் சித்தப்பா மூக்கு, பாவம் அந்தக் குழந்தை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறேன். தாளில் எழுதினால் நீயும் குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் இளக மாட்டேன்.

விஷயம் ஊர்வலத்தைப் பற்றித்தான். வருஷா வருஷம் அலங்கார வண்டிகளில் நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்து பிளாஸ்டிக் மாலை, மோதிரம், ஊதல் என்று வாரி வீசுவார்களே, பிள்ளைகள் தாவிப் பிடித்து அரை மணி நேரம் போட்டுக்கொண்டு தெருவிலேயே உதறிவிட்டுப் போவார்களே, அது. ஊரே கூடி ஆடும், மறுநாள் நாங்கள் பதினாலு பேர் கூட்டுவோம். துப்புரவு மேற்பார்வை உத்தியோகம் என்றால் மேலே நின்று பார்ப்பது என்று உன் சித்தி இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள், போன வருஷம் கடைத்தெரு சாக்கடையில் முழங்கை வரை கையை விட்டு நான் இழுத்த மாலைகளை அவள் பார்க்க வேண்டும். ரெண்டு வருஷம் விழாக் கமிட்டியில் போய்க் கரடியாகக் கத்தினேன். வீசுகிற பொருள் இந்த ஊரிலேயே செய்ததாக இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுபோனால் உதவட்டும், தப்பித்தவறி மண்ணில் விழுந்தால் மக்கட்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. கமிட்டித் தலைவரை உனக்குத் தெரியும், மைக்கைக் கையில் எடுத்தால் கரண்டு போனால்தான் கீழே வைப்பார், அதனால் மைக்செட் என்றே பேர் ஆகிவிட்டது. அவர் இந்த வருஷம் சரி என்றார்.

சரி என்றதும் நேரே கத்திரியிடம் போனேன். ஆஸ்பத்திரித் தெருப் பள்ளத்தில் தையல் கடை வைத்திருக்கிறாளே, கழுத்தில் கயிறு கட்டிக் கத்திரிக்கோலைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவாளே, அவள்தான். கடையில் மிஞ்சுகிற வெட்டுத்துண்டுகளை வைத்து முதலில் சின்னச் சின்னப் பை தைத்தாள். எங்கள் குப்பை லாரி மேல் ஏறி நின்று வீசிப் பார்த்தோம், ஒரு பையும் ரெண்டு அடி தாண்டவில்லை, ஒன்று காற்றில் திரும்பி வந்து என் மூஞ்சியிலேயே அறைந்தது. ஏன்டி, ஊர்வலத்துல ஜனங்க நமக்குத்தான் திருப்பி வீசுவாங்க போல என்று அவள் சிரித்த சிரிப்பில் டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். அப்புறம்தான் துணிப்பந்து. எட்டுத் துண்டு சேர்த்துத் தைத்து, உள்ளே பொடித்துணியை இறுக்கித் திணித்து, பருத்தி நூலால் வாயை மூடினால் எறிந்த இடத்துக்குப் போகிறது, பிடித்தால் கையில் நிற்கிறது, பிள்ளைகள் மாசக்கணக்கில் விளையாடலாம். நைலான் துண்டு ஒன்றுகூடக் கலக்கக் கூடாது என்று அவளும் கடைப் பெண்கள் ஆறு பேரும் ஒவ்வொரு துண்டாக விரலால் தடவிப் பார்த்துப் பிரித்தார்கள். ரெண்டு மாசம், வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, மூவாயிரம் பந்து. என் வார்த்தையை நம்பித்தான் உட்கார்ந்தார்கள், மைக்செட் வார்த்தையை இந்த ஊரில் யார் நம்புவார்கள்.

இங்கேதான் என் வாய்க்கொழுப்பு. நீ போன் செய்தபோது, இந்த வருஷம் ஊர்வலத்துல வீசுற பொருளெல்லாம் அம்மா பொறுப்புடி என்று பீற்றிக்கொண்டேன். என்ன பொருள் என்று சொல்லவில்லை, முடிந்ததும் போட்டோ அனுப்பி உன்னை அசத்தலாம் என்று நினைத்தேன். நீயோ அம்மா பொருளுக்கு அல்லாடுகிறாள் என்று எடுத்துக்கொண்டாய். உனக்கோ கொண்டாட்டச் சாமான் ஏற்றுமதி செய்கிற ஆபீசில் வேலை, விற்காமல் கிடந்த சரக்கை முதலாளியிடம் கேட்டு வாங்கி, எனக்குச் சொல்லாமல் என்னை அசத்த நினைத்தாய். தாய்க்கும் மகளுக்கும் இதில் மட்டும் ஒரே புத்தி. ஊர்வலத்துக்கு நாலு நாள் முன்னால் கமிட்டி ஆபீசில் இருபத்திரண்டு பெட்டி வந்து இறங்கியது, ஒவ்வொன்றிலும் என் பேரில் அன்பளிப்பு என்று ஒட்டியிருந்தது. மைக்செட் ஒன்றைப் பிரித்து ஒரு பிளாஸ்டிக் மாலையை எடுத்துப் பொத்தானை அமுக்கினார், சிவப்பும் நீலமுமாக மினுங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும் என்று மருந்துக்கடைக்காரர் எனக்கு டீயை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மைக்செட், அக்கா, பந்தையெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாமா என்று கேட்டார்.

அப்போதே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்த வாய் என் வாய், நகராட்சிக் கமிஷனரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்ட வாய். அன்றைக்கு அது திறக்கவில்லை. உன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள், எனக்கு அது இனித்தது, உண்மையைத்தான் எழுதுகிறேன், டீயைவிட இனித்தது. உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கத்திரியிடம் போய்ச் சொல்லக்கூட எனக்கு முகம் இல்லை, ஒரு கமிட்டி ஆளை அனுப்பிச் சொல்ல வைத்தேன். உன் அப்பா வேறு சந்தோஷம் தாங்காமல் என் பேரைப் பெரிசாகப் போட்டு முதல் வண்டிக்குப் பேனர் அடித்துக் கொடுத்துவிட்டார். ஊர்வலத்தன்று அந்தப் பேனருக்குக் கீழேயிருந்து உன் மாலைகள் பறந்தன, பிள்ளைகள் பிடித்தார்கள், போட்டார்கள், மினுங்கல் சலித்ததும் கழற்றி எறிந்தார்கள். ஓரமாக நின்ற என் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள்.

விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் கூட்ட இறங்குவதற்குள் தெருவில் கிடந்ததெல்லாம் அடித்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரித் தெரு சாக்கடை மூடியில் அடைத்துவிட்டது. மூடியை நெம்பித் தூக்கிப் பார்த்தேன், கறுப்புத் தண்ணீருக்கு அடியில் நாலைந்து மாலை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் பள்ளத்தில் இருக்கிற கத்திரி கடைக்குள் ஏறிவிட்டது. மூவாயிரம் பந்தும் கோணிச்சாக்கில் தரையில்தான் இருந்தது. அவள் கத்துவாள், என் தலைமுடியைப் பிடித்து உலுக்குவாள் என்று நினைத்தேன், உலுக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பந்தை எடுத்துப் பிழிந்து பார்த்தாள், சாக்கடைத் தண்ணீர் கொட்டியது. மெஷினுக்குத் தண்ணி ஏறல, அது போதும் என்று சொல்லிவிட்டு என்னிடம் ஒரு வாளி கேட்டாள். சாக்கடை பட்டதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியுமா? அத்தனையையும் என் லாரியில், என் கையாலேயே ஏற்றினேன். அந்தப் பெண்கள் சாக்கைப் பிடித்துக் கொடுத்தார்கள். மக்கட்டும் என்று கேட்டேன் இல்லையா, ஒருத்தர் கையிலும் படாமலே மக்கப் போய்விட்டது. இப்போதெல்லாம் அவள் கடை வாசலில் நின்றால், வாங்க, உட்காருங்க என்று நாற்காலி போடுகிறாள். இருபது வருஷமாக என்னை உட்கார் என்று சொன்னவள் இல்லை, நானே எதையாவது இழுத்துப் போட்டு உட்காருவேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், பேனா நகரவில்லை. கோபம் இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாசத்தில் கொடுப்பதானாலும் வாங்குகிறவளிடம் உனக்கு இது வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கப் பழகு, மாப்பிள்ளையிடமும் அப்படியே நடந்துகொள். என்மேலேயே எனக்கு இருக்கிற கோபத்தை உன்னிடம் காட்டுகிறேன் என்று நீ சொன்னால் அதுவும் பொய்யில்லை. அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு அனுப்புவதாக நீ சொல்லியிருக்கிறாயாமே, மைக்செட் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். வேண்டாம் என்று நான் போய்ச் சொன்னேன். பொண்ணே ஆசையா குடுக்குறா, உங்களுக்கு ஏன்க்கா வலிக்குது என்கிறார். நீ சொன்னால்தான் கேட்பார். கத்திரிக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம், அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான், தினமும் கேட்க வாய் எடுக்கிறேன், அவள் நாற்காலி போட்டுவிடுகிறாள்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இதை மூடினால் இத்தனை எழுதியும் பிரயோஜனமில்லை. ஊர்வலத்துக்கு மறுநாள் காலையில் நீ போன் செய்து, அம்மா, எப்படி இருந்துச்சு, உனக்குச் சந்தோஷமா என்று கேட்டாய். ரொம்ப நல்லா இருந்துச்சு, ஊரே உன்னைத்தான் பேசுது என்றேன். லாரி சத்தம் கேட்கிறதே என்றாய், வழியில் போகிறது என்றேன். வழியில் போகவில்லை, நான்தான் அதன் மேல் நின்றிருந்தேன், காலடியில் அந்தப் பந்துகள். கத்திரி அடுத்த சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பேசி முடிக்கும்வரை கீழே நின்றாள். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல், வயிறாரச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருத்தருக்கொருத்தர் அனுசரணையாக நூறு வருஷம் இருக்க வேண்டும். அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். இந்த மாசம் முடிவதற்குள் மைக்செட்டுக்குப் போன் செய்து, அனுப்பவில்லை என்று உன் வாயால் சொல்லிவிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா