உங்கள் ராசி இரண்டாயிரம் வாட்

அண்ணே,

இன்று காலை இன்னொரு கன்ட்ரோலர் புகைந்தது. அந்த வாடை உங்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக்கும் பசையும் சேர்ந்து கருகுகிற வாடை; துப்பட்டாவில் ஏறினால் எத்தனை அலசு அலசினாலும் போகாது. கப்பலூர் ஷெட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் மட்டும் சுவரோரம் கிடக்கும் உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால், "புகையில்ல மேடம், சாம்பிராணின்னு நெனச்சுக்கங்க" என்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. பெட்டி புகைந்தால் இன்னமும் முதலில் உங்களிடம்தான் சண்டைக்கு வரத் தோன்றுகிறது.

நம் பழக்கமே சண்டையில் தொடங்கியதுதானே. நீங்கள் சிம்மக்கல்லில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தவர். நான் மின்சார ஆட்டோ செய்கிற சின்னக் கம்பெனியில் வாங்குகிற சாமானைச் சோதித்துப் பார்க்கிறவள். மோட்டார் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று கட்டுப்படுத்துகிற பெட்டிதான் கன்ட்ரோலர். நீங்கள் கொண்டுவந்த பெட்டியில் மூவாயிரம் வாட் என்று தங்க நிற ஸ்டிக்கர் மின்னியது. அதிலேயே போட்டிருக்கிறதே, இன்னும் என்ன சோதனை என்று கேட்டீர்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளைக்குப் பின்னால் போடுகிற பட்டம் மாதிரி இது, விசாரிக்காமல் பெண் கொடுக்க முடியாது என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் என் கண்டிப்பு பாதி கரைந்துபோயிற்று.

எங்கள் விசாரணை எளிது. பெட்டி ஓட்டுகிற மோட்டாருக்கு எதிரே இன்னொரு மோட்டாரைப் பூட்டி, அது உண்டாக்கும் கரண்டை டிரம் தண்ணீரில் முங்கிக் கிடக்கும் ஹீட்டர்களுக்குக் கொடுப்போம். சொன்ன வாட்டை ஒரு மணி நேரம் தாங்கினால் பெட்டி பாஸ். டிரம் கொதிப்பதைப் பார்த்துவிட்டு, சும்மா போகிற வெந்நீரில் முட்டை அவிக்கலாமே என்று கேட்டீர்கள். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் பெட்டி தாங்கியது. சந்தேகம் தீராமல், நீங்கள் போனபிறகு மறுநாள் அதையே மறுபடி ஓட்டினேன். பாதியில் சூடேறிப் படுத்துவிட்டது. சொன்னதும் வேறு பெட்டியோடு வந்தீர்கள். உங்கள் முன்னால் அது தாங்கி நின்றது. நீங்கள் இல்லாதபோது அதுவும் படுத்தது. மீட்டரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், ஒன்றும் புரியவில்லை. முதலாளிக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. மேற்கே வயலும் கிணறுமாக இருந்துவிட்டுத் தொழிலுக்கு வந்தவர் அவர். கிணறு தோண்ட ராசி பார்த்தவர் கன்ட்ரோலருக்குப் பார்க்க மாட்டாரா? "அவரு உக்காந்தா நிக்கிது, எந்திரிச்சா படுக்குது. ராசியான மனுசன்மா" என்றார். அதோடு முடிந்தது ஆராய்ச்சி. சோதனை என்றால் உங்களுக்குப் போன் போகும். கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது உங்கள் வேலையானது.

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள் நான். ஜெபம் பண்ணலாம், ராசி பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். நீங்களோ கொஞ்சம் கொஞ்சமாக அதை நம்பவே தொடங்கிவிட்டீர்கள். தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து இறங்குவீர்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் புது மிஷினை ஓட்டிப் பார்க்க உங்களைக் கூட்டிப்போனார். போர் போடுகிற இடத்துக்கு யாரோ கார் அனுப்பினார்கள். தண்ணீர் வந்ததா என்று மறுநாள் கேட்டேன். "ஈரம் வந்துச்சு மேடம்" என்றீர்கள்.

விளையாட்டு வினையாகிற நாளும் வந்தது. ஆவணி பிறந்ததும் வண்டிகள் வெளியே போக வேண்டும் என்று சொல்லி, கடைசியாக ஒரு சோதனை வைத்து மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்ள முதலாளி நாள் குறித்துவிட்டார். அதை நம்பி நீங்கள் கடை முதலையெல்லாம் அந்தப் பெட்டிகளில் முடக்கியிருந்தீர்கள். எனக்குத்தான் பயம். ஆள் ஏற்றிக்கொண்டு பாலத்து ஏற்றத்தில் போகிற வண்டியில் பெட்டி படுத்தால், பின்னால் வருகிற பஸ் உங்கள் ராசியைப் பார்த்தா பிரேக் போடும்?

அன்று கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தும்மிக்கொண்டே வந்தீர்கள். நான் வழக்கம்போல ஸ்டாண்ட் ஃபேனை உங்கள் பக்கம் திருப்பப் போனேன். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே காற்றைத் திருப்பிவிடுவது நம் ஊர் மரியாதை. "இங்கிட்டு வேணாம் மேடம், சளி. ஒங்க பக்கமே இருக்கட்டும்" என்றீர்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே பெட்டி படுத்துவிட்டது. விபூதி அழிந்துவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டீர்கள். ராசி போய்விட்டதா என்று என்னிடமே கேட்டீர்கள். நான் ஃபேனைப் பார்த்தேன். ஷெட்டுக்கே ஒரு ஃபேன். உங்கள் நாற்காலி, பெட்டி இருக்கும் மேசைக்கு அந்தப் பக்கம். உங்களுக்குத் திருப்பிய காற்றெல்லாம் இத்தனை நாளும் பெட்டியைக் குளிரவைத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறது. பெட்டியைக் காப்பாற்றியது என்னுடைய உபசாரம். என்ஜினீயரிங் படித்த எனக்கு இது விளங்க உங்கள் மூக்கு ஒழுக வேண்டியிருந்தது.

சொன்னேன். ஃபேனைத் திருப்புங்கள், இது நமக்குள் இருக்கட்டும் என்று கேட்பீர்கள் என நினைத்து, பதில் சண்டைக்குத் தயாராக நின்றேன். நீங்கள் கேட்டது வேறு. வண்டியில் இந்தப் பெட்டியை எங்கே மாட்டுவீர்கள் என்றீர்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில், மூடின அறைக்குள் என்றேன்.

"அங்கிட்டு எவன் ஃபேன் வைக்கப் போறான்?" என்று நீங்களே எழுந்துபோய் சுவிட்சை அணைத்தீர்கள்.

தகரக் கூரையின் கீழே, பட்டப்பகலில், காற்றில்லாமல் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பெட்டி ஆறியதும் சுமையைக் குறைத்து ஓட்டுவது, படுத்தால் இன்னும் குறைப்பது என்று பொழுது போயிற்று. வேர்த்து ஊற்றி உங்கள் சளி இறங்கிவிட்டது. கடைசியில் இரண்டாயிரம் வாட்டில் ஒரு மணி நேரம் முழுசாக நின்றது. நகத்தால் தங்க ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, என் மார்க்கரை வாங்கி '2000' என்று எழுதினீர்கள். அதற்குக் கீழே 'கப்பலூர் வெயிலில்' என்றும் எழுதினீர்கள்.

முதலாளி அதை ஒப்புக்கொண்டால்தானே. சளி பிடித்தால் ராசி கொஞ்சம் மங்கத்தான் செய்யும், குணமானதும் இன்னொரு தரம் உட்காருங்கள் என்றார். தன் சரக்கை வாங்காதே என்று வாங்குகிறவரிடம் மல்லுக்கட்டிய வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

"என் ராசி ரெண்டாயிரம் வாட்டு. அம்புட்டுத்தான் முதலாளி. ஏத்தத்துல வண்டி நின்னா, ஒவ்வொரு வண்டிலயும் நான் ஏறி உக்கார முடியுமா?"

முதலாளி சின்ன வண்டிகளுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை நீங்கள் சிம்மக்கல்லில் ஒவ்வொன்றாக, ஸ்டிக்கரைச் சுரண்டிச் சுரண்டி, விற்று முடிக்க வெகுகாலம் ஆயிற்று. ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அன்றிலிருந்து மேடம் போய் நான் தங்கச்சியானேன். நீங்கள் எனக்கு அண்ணனானீர்கள். கூடப் பிறந்தவர் இல்லாத எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களிடம் சொன்னதேயில்லை.

கோச்சடையில் உங்கள் வீட்டுக்கு நான் முதலும் கடைசியுமாக வந்தது நீங்கள் போன அன்றுதான். அண்ணி அழுகைக்கு நடுவிலும் என்னைப் பார்த்ததும், வெயிலில் வந்திருக்கிறாளே என்று ஃபேனை என் பக்கம் திருப்பச் சொன்னார்கள். உங்கள் தலைமாட்டைத் தாண்டி அந்தக் காற்று என்மேல் பட்டது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எழுந்துபோய் ஃபேனை அணைத்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போதும் ஃபேனை அணைத்துவிட்டுத்தான் சோதனை. இன்று பெட்டி கொண்டுவந்தவர் வேர்வை தாங்காமல் நெளிந்தார், முடியட்டும் என்றேன். முடிவதற்குள் புகைந்துவிட்டது. வாடை பிடித்து முதலாளி வந்தார். இன்றுவரை சோதனைக்கு முன்னால் உங்கள் நாற்காலியைத் தொட்டுக் கும்பிடுகிறவர் அவர்.

"அண்ணன் உக்காந்திருந்தா நின்னுருக்கும்மா" என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் காற்று, சூடு என்று பாடம் எடுத்திருப்பேன். இன்று ஓடாத ஃபேனையும் காலி நாற்காலியையும் பார்த்தேன்.

"ஆமா சார், நின்னுருக்கும்" என்றேன்.