சீர்காழிக்கு ஓடியதைப் பற்றி அப்பாவுக்கு

பஸ் கிளம்பிவிட்டாலும் ஓடிப்போய் ஏறாத என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு நடந்ததையெல்லாம் எழுதினால் முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் ஓடினேன், அப்பா. தரங்கம்பாடிக் கோட்டை வாசலில் தொடங்கி, ஊர்ச் சாலையும் வாய்க்கால் கரையுமாகச் சுற்றிச் சீர்காழியில் முடிகிற ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம். யாரும் துரத்தவில்லை. நானே பெயர் கொடுத்து, அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு, இந்தத் தொப்பை வயதில் ஓடினேன். உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரிகிறது. முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

உங்கள் மகள் தமிழ்ச்செல்விக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. நீங்கள் இருக்கும்போதே அவளுக்குக் கால் வீங்கும். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று பாடம் நடத்துகிறாள், வீங்காமல் என்ன செய்யும் என்பீர்கள். நாங்களும் அதையே நம்பினோம். இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காப்பீட்டு அட்டையில் நடக்கிறது. ஆட்சி மாறியும் அட்டை நிற்கவில்லை, அந்தமட்டுக்கும் நிம்மதி. ஊசி குத்திக் குத்தி இடது கை முழங்கைக்கு மேலே முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. அதை மறைக்க முழுக்கை ரவிக்கை போடுகிறாள். பிள்ளைகள் அதை ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார் டாக்டர். மாப்பிள்ளைக்கு ரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் நான். என்னைப் பரிசோதித்துவிட்டு, “சார், இந்த எடைக்கு உங்ககிட்டேருந்து எதையும் எடுக்க முடியாது. சர்க்கரை வேற வாசல்ல வந்து நிக்குது. எடையைக் குறைச்சிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்” என்று அனுப்பிவிட்டார். மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். நடை போதாமல் ஓட்டம். நம் தெரு நாய்கள் மாதக்கணக்கில் என்னைத் துரத்திப் பார்த்துவிட்டு, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டன. ஒரு வருடம் கழித்து அதே டாக்டர் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொடுக்கலாம் என்றார்.

செல்வி வாங்கமாட்டேன் என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். “அடுத்தவங்களுக்காக ஓடாதடான்னு அப்பா சொல்லித்தானே நம்மள வளர்த்தாரு? எனக்காக நீ ஏன் ஓடுறே? நாளைக்கு நீ படுத்துட்டா உன் புள்ளைங்களுக்கு நானா பதில் சொல்றது?” உங்கள் வார்த்தையையே எடுத்து என்மேல் போட்டாள். 

அந்த வார்த்தை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பண்ணை வீட்டில் சாவு விழுந்தால் அவர்களுடைய சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் நம் தெருவிலிருந்துதான் ஒருவன் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும். தாத்தா அப்படி ஓடினார். செருப்புப் போடாமல் ஓடி, வாசலுக்கு வெளியே நின்று செய்தியைச் சொல்லி, துண்டை விரித்து அவர்கள் போடுகிற நெல்லை வாங்கிக்கொண்டு திரும்புவார். தாத்தாவுக்குப் பிறகு உங்கள் முறை வந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஊருக்கு ஊர் செங்கொடி ஏறிய காலம் அது. பண்ணையாரின் அம்மா இறந்த காலையில் பண்ணைக் காரியக்காரர் வந்து, “சீர்காழிக்கு ஓடுடா” என்றிருக்கிறார். நீங்கள் பல் விளக்கிக்கொண்டே, “தபாலாபீசுல தந்தி அடிக்கிறாங்க, போய்க் குடுங்க” என்றீர்களாம். அந்த வருடம் நம் தெருவில் ஒருவருக்கும் குறுவை அறுப்பு இல்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்தார்கள். மறிக்கப் போனவர்களோடு நீங்களும் அடி வாங்கினீர்கள். இதை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லை, அம்மாதான் சொன்னார். அதற்கப்புறம் நீங்கள் எதற்கும் ஓடவில்லை. மழைக்குக்கூட ஓடமாட்டீர்கள், நனைந்துகொண்டே வருவீர்கள்.

அதனால் செல்வியிடம் நான் உங்களைப் பற்றி வாதாடவில்லை. என் உடம்பைப் பற்றித்தான் பேசினேன். முன்னைப்போல் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். தினசரியில் அந்தச் சீர்காழி ஓட்டத்தின் விளம்பரம் வந்திருந்தது. அதை என் முன்னால் போட்டு, “அம்பது கிலோமீட்டர். ஓடிக் காட்டு. முழுசா முடிச்சீன்னா வாங்கிக்கிறேன். முடிக்கலேன்னா இனிமே இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது” என்றாள். என்னால் முடியாது என்ற தைரியத்தில்தான் சொன்னாள். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இருந்தும் சரி என்றேன். அண்ணன் தங்கை பந்தயம்தானே, நீங்கள் சின்ன வயதில் எத்தனை தீர்த்துவைத்திருப்பீர்கள்!

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பனி விலகுவதற்குள் கிளப்பிவிட்டார்கள். பெங்களூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள், நல்ல நல்ல ஷூ போட்டுக்கொண்டு. முதல் பாதி எனக்கே ஆச்சரியமாகத்தான் போயிற்று. பிறகு வெயில் ஏறியது. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். வாய்க்கால் கரையில் திரும்பியபோது முன்னால் ஆளில்லை, பின்னால் ஆளில்லை. இடது தொடை இழுத்துப் பிடித்துக்கொண்டது. மண்டை காய்கிறதே என்று துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினேன்.

அறுவடைக்கு நின்ற சம்பா வயலில் நான்கைந்து பெண்கள், அறுப்புக்கு முன்னால் ஈரம் காய்வதற்குள், உளுந்து தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்கு ஏறி வந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

“யாருப்பா போயிட்டா?”

எனக்குப் புரியவில்லை. நின்றுவிட்டேன்.

“எந்த ஊருலேருந்து வர்றே? யாரு போயிட்டா, சொல்லுய்யா. எங்க அண்ணன் வீட்டுலேருந்தா?” 

தலையில் துண்டு, வேர்வை, கரையோடு ஓட்டம். இந்தக் காலத்தில், கையில் ஆளுக்கொரு போன் இருக்கும்போது, அந்த அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் தோன்றியது அதுதான். எனக்குக் கால்வலி மறந்துபோயிற்று. கோபம் வரவேண்டும், வரவில்லை. அந்த அம்மாவும் நம்மைப்போன்ற ஒரு தெருவில் பிறந்தவராகத்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓட்டம் எப்படித் தெரியும்?

“யாரும் சாகலம்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க” என்றேன்.  “என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல. அவளுக்காக ஓடுறேன்.”

“உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்குல்ல ஓடணும்? இங்க வயக்காட்டுல என்ன ஓட்டம்?” என்றார். மற்றப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். என்னை உட்காரவைத்து நீராகாரம் கொடுத்தார்கள். செல்வியின் பெயரைக் கேட்டார்கள். எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள். “நல்லா ஆயிடுவா, போ” என்று அந்த அம்மா சொல்லிவிட்டு இறங்கிப்போய்க் கூடையை எடுத்துக்கொண்டார்.

உட்கார்ந்ததுதான் வினையாகிவிட்டது. எழுந்தால் கால் மடங்கவில்லை. பின்தங்கியவர்களைப் பொறுக்குவதற்கென்று ஒரு வேன் வரும். அது வந்து நின்றது. “ஏறுங்க சார். நீங்கதான் கடைசி. ஏசி போட்டிருக்கேன்” என்றார் டிரைவர். நான் கதவில் கையை வைத்துவிட்டேன், அப்பா. பொய் சொல்லமாட்டேன். ஏறியிருந்தால் செல்வி ஒரு வார்த்தை குத்திக்காட்டமாட்டாள், எனக்கு டீ போட்டுக் கொடுத்திருப்பாள். அவள் கேட்டதும் அதைத்தானே? நான் தோற்கவேண்டும், அவள் வாங்காமல் இருக்கவேண்டும். அதற்கப்புறம் எவ்வளவு காலம் என்று யாரும் அவளைக் கேட்கவும் கூடாது.

“நடந்து போனா சேத்துப்பாங்களா?” என்று கேட்டேன்.

“நேரம் முடியறதுக்குள்ள போய்ச் சேந்துட்டா நடந்தா என்ன, தவழ்ந்தா என்ன?” என்றார்.

நடந்தேன். வேன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. சீர்காழி எல்லையைத் தொடும்போது பரிசுகள் கொடுத்து முடித்துப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் பாதி சுருட்டிய வயரை மறுபடியும் சொருகி என் பெயரைச் சொன்னார். தப்பாகத்தான் சொன்னார். முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து இருக்கிறாளாம். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கவேண்டும் அவள். அந்த வெயிலில் உதடு வெடித்திருந்தது.

நான் எதிர்பார்த்தது வேறு. அவள் எழுந்து வந்து என்ன சொன்னாள் தெரியுமா?

“ஓடிக் காட்டுன்னுதானே சொன்னேன்? நீ நடந்து வர்றே. செல்லாது.”

நடு ரோட்டில் சண்டை போட்டோம். நான் நேரத்துக்குள் முடித்தேன் என்கிறேன், அவள் ஓடவில்லை என்கிறாள். பந்தல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் எனக்குப் பேசத் தெம்பில்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வழியில் என்னைச் சாவு சொல்ல வந்தவன் என்று நினைத்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். “யாரு போயிட்டான்னு கேட்டாங்க செல்வி. யாரும் போகலன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என்னைப் பொய்யனாக்காதே” என்றேன்.  அவள் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். “வலிக்குதா?” என்றாள். அப்புறம், “சரி, குடு. ஆனா நான் கேக்கல, நீயாதான் குடுத்தேன்னு அப்பாகிட்ட நீயே சொல்லிடு” என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுக்கிறேன்.

உறுப்பு தானத்துக்கான அனுமதிக் குழுவிலும் இதையேதான் கேட்டார்கள். யாராவது வற்புறுத்தினார்களா, யாருக்காவது பயந்து கொடுக்கிறீர்களா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். இல்லை, நான்தான் அவளை வற்புறுத்தினேன் என்றேன். ஒருவர் சிரித்தார். நீங்கள் அந்த அறையில் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்களா? நீங்கள் மறுத்தது ஓட்டத்தையா, ஓடச் சொன்னவனையா? இருக்கும்போது கேட்டிருக்கலாம்.

ஊர்ச் செய்தியும் ஒன்று. வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க வருகிறார்கள். சர்வேயர் வேலையில் இருப்பதால் அளக்கிற சங்கிலியோடு முதலில் போய் நிற்பவன் நான். சனங்கள் என்னைத்தான் மறிக்கிறார்கள். நீங்கள் இருந்தால் அந்தப் பக்கம்தான் நின்றிருப்பீர்கள். அதை நினைத்து அவர்களிடம் குரலை உயர்த்தாமல் பேசுகிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த அறை. அம்மா சாமிக்குக் காசு முடிந்துவைத்திருக்கிறார், உங்களுக்குப் பிடிக்காது, கண்டுகொள்ளாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. செல்விக்கு என்னைவிடப் பயம், காட்டிக்கொள்ளமாட்டாள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அப்பா. அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவேன். பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் வகுப்பில் நிற்பாள். எங்களுக்கு என்னவோ ஏதோ என்று அங்கே வழி பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நாங்கள் இரண்டு பேரும் இப்போதைக்கு உங்களிடம் வருவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மகனும் செல்விக்கு அண்ணனுமான
அறிவழகன்