விழுந்தால் தூக்க வேண்டும்

3 ஜூன், செவ்வாய்

ரமணி இன்று காரில் வைத்துச் சொல்லிவிட்டாள். இந்த மாதத்தோடு மில் வேலையை விடுகிறாள். பினாங்கில் மகளோடு இருக்கப் போகிறாளாம். "உன்ன நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு காஞ்சனா." நான், "அட, அதுக்கென்னலா" என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

பாடாங் செராயிலிருந்து செம்பனை மில்லுக்குப் பதினாலு கிலோமீட்டர், பாதிக்கு மேல் தோட்டத்துக்குள். பஸ் கிடையாது. போன வருடம் பிப்ரவரியில் மில் முச்சந்தியில் என் காப்சாய் மோட்டாரோடு விழுந்து தொடை எலும்பு முறிந்தது. வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அவள் கார்தான் எனக்குக் கால். இனி?

5 ஜூன், வியாழன்

ஜொகூரிலிருந்து அண்ணன் போன் செய்தான். "எதுக்குத் தனியாக் கெடந்து கஷ்டப்படுற? வீட்ட விட்டுட்டு இங்க வந்துரு. பிள்ளைங்களப் பாத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும், அண்ணிக்கு ஒத்தாசையாவும் இருக்கும்."

அண்ணன் விக்னேஸ்வரன் நல்லவன். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் முகத்துக்கு நேரே முடியாது என்றிருப்பேன். நாற்பத்து நாலு வயதில் அவர்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்து, அவர்கள் எழுந்திரிக்கும் முன் பாயைச் சுருட்டி... மில்லில் லோரிகளை எடைபோடும் வேபிரிட்ஜ் கிராணி காஞ்சனா போயாச்சு. மிச்சம் இருப்பது அத்தை.

8 ஜூன், ஞாயிறு

பக்கத்து வீட்டுக் காப்சாயில் ஏறிப் பார்த்தேன். இடது கால் தரையைத் தொடவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கால் ஓர் அங்குலம் குட்டை. ஏற்கெனவே நான் நாலடி பத்து. சாமிக்குக் கண்ணே இல்லை.

11 ஜூன், புதன்

முச்சந்தி ஒட்டுக்கடை அய்யாவு அண்ணனிடம் மோட்டார் பேச்சை எடுத்தேன். "மறுபடியுமாம்மா?" என்றார். பேச்சில் கவலை இருந்தது, கண்ணில் வேறென்னவோ. விழுந்த அன்று நான் தொடையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறேன், மனுஷன் ஆம்புலன்சுக்குச் சொன்ன கையோடு என் பிளேட் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். விழுந்த வண்டி நம்பர் லாட்டரியில் அடிக்குமாம். அந்த ஞாயிறே அடித்தும் விட்டது, மூன்றாம் பரிசு. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். சிரிப்பதா, திட்டுவதா?

14 ஜூன், சனி

சுங்கைப் பட்டாணி. ஹாரிஸ் தம்பியின் மோட்டார் கடை. என் காலைப் பார்த்துவிட்டு, "இதுல உக்காந்து பாருங்கக்கா" என்று ஒரு குரூசரைக் காட்டினார். இருநூற்றைம்பது சிசி, என் லைசென்ஸுக்குச் சரி. கிளட்ச் பிரச்சினையில்லை, அப்பாவின் பழைய வண்டியில் பழகியது. கறுப்பு உடம்பு, பளபளக்கும் குழாய், அகலமான ஹேண்டில், பள்ளமாக ஒரு சீட். கூடை கிடையாது, மீன் வாங்கினால் எதில் மாட்டுவது? ஊரே சிரிக்கும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அழகு. அப்படி ஓர் அழகு.

உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹாரிஸ் வேறு பக்கம் திரும்பி எதையோ துடைத்தார்.

அப்புறம் கேட்டார்: "தினம் ஓட்டுற வண்டிக்கா. நூத்தறுபது கிலோ. செம்மண் ரோட்டுல சாய்ஞ்சிட்டா ஒத்தையாத் தூக்குவீங்களா? தூக்கிக் காட்டுங்க, விக்கிறேன்." பழைய குரூசர் ஒன்றைக் கோணிமேல் சாய்த்துக் கிடத்தினார்.

ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன். மூன்று தடவை. அசையவில்லை. நாலாவது தடவை தொடைக்குள் சுரீர் என்றது. "போதுங்கக்கா, விடுங்க" என்றார். திரும்பும்போது ரமணி காரில் தொடையைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

15 ஜூன், ஞாயிறு

தூக்க முடியல. அவ்வளவுதான். என்னால முடியல.

17 ஜூன், செவ்வாய்

அண்ணனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனிலேயே அண்ணி பிள்ளைகளிடம் கத்திச் சொல்வது கேட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், தேதியோடு நிற்கிறது. பதினெட்டு வருடம் தோட்டத்தில் பழம் பொறுக்கி, அதற்குப் பிறகுதானே இந்த நாற்காலி கிடைத்தது? இதையும் விட்டுப்போட்டு எங்கேடி போற நீ?

19 ஜூன், வியாழன்

மழை. வேபிரிட்ஜ் ஜன்னலுக்கு வெளியே, உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களின் தள்ளுவண்டி சேற்றில் புதைந்துவிட்டது. புதிதாக வந்தவள் பிடியைப் பற்றி இழுஇழு என்று இழுத்தாள். என்னோடு அந்தக் காலத்தில் பழம் பொறுக்கிய உமாராணி வந்து, "தள்ளு புள்ள" என்று அவளை நகர்த்தினாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இடுப்பை அதில் முட்டுக்கொடுத்து, குதிகாலை ஊன்றிப் பின்னாலேயே நடந்தாள். வண்டி ஏறிவிட்டது.

அடி மண்டு! பதினெட்டு வருடம் நீ செய்ததுதானேடி அது! கையால் தூக்கினால் இடுப்பு போகும் என்று உமாராணிக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே! நாற்காலியில் உட்கார்ந்ததும் உடம்புக்கு மறந்துவிட்டதா?

ஆனால் அப்போது இரண்டு காலும் ஒரே அளவு.

21 ஜூன், சனி

"இன்னொரு தடவ கெடத்துங்க தம்பி." ஹாரிஸ் தயங்கினார். கிடத்தினார்.

முதுகைக் கொடுத்துக் குந்தினேன். வலது காலை முன்னால் ஊன்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஓரடி. இன்னும் ஓரடி. வண்டி என் முதுகோடு எழுந்து நின்றது. கடைப் பையன்கள் கை தட்டினார்கள். ஹாரிஸ் மட்டும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கறுப்பா, செவப்பாக்கா?" என்றார்.

கறுப்பு.

22 ஜூன், ஞாயிறு

அண்ணனிடம் வரவில்லை என்றேன். "மோட்டாரா? உனக்குப் பைத்தியமா?" என்றான். பிறகு, "பாத்து ஓட்டு" என்றான். போனை வைத்த பிறகு ஓவென்று அழுதேன்.

28 ஜூன், சனி

வண்டி வந்தது. முனீஸ்வரர் கோயிலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். சந்தோஷப்படக்கூடப் பயமாக இருக்கிறது.

1 ஜூலை, செவ்வாய்

விழுந்தேன்.

அதே முச்சந்தி. லோரிக்கு வழிவிட ஒதுங்கினேன், சரளையில் சக்கரம் வழுக்கி வண்டி மெல்லச் சாய்ந்தது. குதித்து விலகிவிட்டேன், அடியில்லை. அய்யாவு அண்ணன் கடையிலிருந்து ஓடிவந்தார், கையில் பேனா.

"இருங்கண்ணே. தொடாதீங்க" என்றேன்.

முதுகைக் கொடுத்துக் குந்தினேன். லோரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தான். தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டி ஏறி உட்கார்ந்தபோது, அண்ணன் உள்ளங்கையில் இரண்டு எண் எழுதி முடித்திருந்தார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். எச்சில் தொட்டு அழித்தார்.

"இதெல்லாம் விழுந்ததுல சேத்தி இல்லலா" என்றார்.

வேலை தொடங்கும் ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வேபிரிட்ஜைத் திறந்துவிட்டேன்.