மச்சான் என்று கூப்பிடுகிறவன்

12 ஆகஸ்ட் 2008, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. கனமாக இருக்கிறது என்று மகன் விட்டுப்போன பெரிய திரை லேப்டாப்பில் தினமும் இன்டர்நெட் கார் பந்தயம் ஓட்டுகிறேன். முதல் நாள் விளையாட்டு பெயர் கேட்டதும் என் கணவர் பெயரை, ஆரோக்கியசாமி என்று அடித்தேன். அவர் இறந்த பிறகும் கேஸ், கரண்ட், டெலிபோன் எல்லாம் அவர் பெயரில்தான். கை தானாகப் போய்விட்டது. அதனால் எதிரே ஓட்டும் ஊரப்பாக்கம் சலீமுக்கு நான் ஆண்பிள்ளை.

இன்று அவனைத் தோற்கடித்தேன். உடனே எழுதினான்: "செம ஓட்டு மச்சான்! ஞாயித்துக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனுக்கு வா, பிரியாணி நம்ம செலவு."

இன்னொருவர் பெயரில் போய் உட்கார்ந்து சாப்பிட எனக்கு வராது. "நான் ஆரோக்கியசாமியின் மனைவி. வயது எழுபத்தொன்று" என்று பதில் எழுதினேன்.

"காமெடி பண்ணாத மச்சான். கெழவி எங்கயாவது இப்படி வளைவு எடுக்குமா?"

இதுவரை என் சொல்லை யாரும் சந்தேகித்ததில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே போய் அவன் முன்னால் நிற்கலாம். "மன்னிச்சிடுங்கம்மா" என்று பதறி எழுந்து நிற்பான். அதற்குப் பிறகு என் காரை ஒருநாளும் இடிக்க மாட்டான், வேண்டுமென்றே தோற்பான்.

போகாவிட்டால் நான் பொய்க்காரி.